எழுபது கிலோ

பாய்சாண்டு நகர மருத்துவமனையில்
ஜூலைக் குளிரின் மூன்றாவது வாரம்
எல்லோருக்கும் எடை எழுபது கிலோ.

இடுப்பெலும்பு முறிந்த தபால்காரருக்கு எழுபது.
காசநோயில் கரைந்து நாணலாகிவிட்ட
ஆற்று மீனவருக்கு எழுபது.
நாற்காலியில் அடங்காத ரொட்டிக்கடைக்காரருக்கும்
அதே எழுபது.

என் திரையில் எல்லாக் கட்டமும் பச்சை.
நூற்றுக்கு நூறு பதிவு.
மான்டிவிடியோவிலிருந்து மேலதிகாரி
போனில் வாழ்த்தியபோது
அடக்கமாக இருமினேன்.

பதினோரு கூட்டம் நடத்தியவன் நான்.
அம்புக்குறிகளாக வரைந்து தள்ளினேன்.
மாற்றத்தை வரவேற்போம் என்று அச்சடித்து
ஆளுக்கொரு கோப்பை கொடுத்தேன்.
இந்த நாட்டில் வேலை நேரத்தில்
எவர் கையிலும் இருப்பது சுரைக்குடுக்கை,
அதில் மாத்தே இலை, ஓர் உறிஞ்சுகுழல்.
என் கையிலும் அதுதான் இருந்தது
கோப்பைகளை நீட்டியபோது.
அவற்றில் இப்போது பேனா நிற்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு
மருந்தகத்திலிருந்து நெலிடா ஒயார்சபால் கூப்பிட்டார்.
"பிறந்து மூன்று நாளான குழந்தை ஒன்று
உங்கள் கணினியில் எழுபது கிலோ இருக்கிறது.
மருந்தளவும் அந்தக் கணக்கில் அச்சாகி வந்திருக்கிறது.
நான் கொடுக்கவில்லை.
தெரிந்துகொள்ளுங்கள்."
வைத்துவிட்டார்.

திரையைப் பார்த்தேன்.
பச்சை.

இரவுப் பேருந்தில் தூங்கவில்லை.
விடியலில் போய் நின்றேன்
இரண்டாம் மாடி செவிலியர் அறையில்.
ஸுல்மா வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்,
நிமிரவில்லை.

"எடை போடாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
அடுத்த பக்கத்தில்தான் மருந்து.
தராசு நாலாம் மாடியில்.
லிஃப்ட் மதியம் வரை சாப்பாட்டு வண்டிக்கு.
நோயாளியை முதுகில் தூக்கிப் போகவா?"

சரி, ஏன் எழுபது?
அறுபத்தைந்து போட்டிருக்கலாமே, எண்பது?

மேசை டிராயரைத் திறந்தார்.
நான் எழுதிய கையேடு.
ஒன்பதாம் பக்கம்.
கட்டத்தை நிரப்புவது எப்படி என்ற படத்தில்
சிரித்துக்கொண்டிருந்த ஆள்
எழுபது கிலோ.

ஏட்டில் சுரைக்காய் காய்த்திருந்தது
என் கையெழுத்தில்.
பதினோரு கூட்டத்தில்
லிஃப்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
பேசியிருக்க வேண்டியவர்கள்
அந்த நேரத்தில் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

கட்டாயம் என்ற சிவப்பு நட்சத்திரத்தை
அன்று மதியமே அழித்தேன்.
பச்சை பாதியாகக் குறைந்தது.
மேலதிகாரி வாழ்த்தவில்லை.
சக்கரம் வைத்த தராசு இரண்டு வாங்க
ஒன்பது கையெழுத்து, ஐந்து வாரம்.
வந்த அன்று
ஸ்ட்ரெச்சர் தள்ளும் வாஷிங்டன்
முதலில் தானே ஏறி நின்று
எண்ணைப் பார்த்து மௌனமாக இறங்கினார்.

பிறகு எண்கள் வரத் தொடங்கின:
ஐம்பத்தெட்டு புள்ளி மூன்று.
நூற்றுப் பதினான்கு.
இரண்டு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
சில கட்டங்கள் வெறுமையாக,
"மயக்கத்தில் இருக்கிறார், பிறகு" என்ற குறிப்போடு.
இப்படிக் கோணல் மாணலாக வந்த பிறகுதான்
நம்பினேன்.

இந்த வெற்றியை அப்படியே
ஆற்றுக்கு மேலே சால்ட்டோ நகரத்தில் வைக்கச் சொன்னார்கள்.
வைத்தார்கள்.
சக்கரத் தராசு நான்கு.
அங்கே லிஃப்ட் நன்றாகவே ஓடுகிறது.
ஆறு வாரமாக அங்கு சேர்ந்த நோயாளிகள் அத்தனை பேரும்
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருக்கிறார்கள்.

போகிறேன் நாளை.
கையேடு இல்லை, கோப்பை இல்லை.
ஸுல்மாவையும் கூப்பிட்டேன்.
"என் ஷிஃப்டை யார் பார்ப்பார்கள்,
அந்த இரண்டு நாள் சம்பளம் யார் தருவார்கள்?" என்றார்.

படிவத்தை மேலும் கீழும் தேடிப் பார்த்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.